கிணத்துக்குள்ள காத்துப் பேரம்

மாட்டுத் தரகரு வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனா என்ன கதியாகும்னு எங்கம்மாட்ட நான் அன்னைக்கே சொன்னேன். கேட்டாத்தானே! எங்க மாமனாரு மொக்கைச்சாமி தேனிச் சந்தையில பேரு போன தரகரு. மணி என்ன மாமான்னு கேட்டாக்கூட நேரா சொல்ல மாட்டாக. "நீ எம்புட்டுன்னு நினைக்கிற, மொதல்ல அதைச் சொல்லு"ம்பாக. அவுக பெத்த மகன் பிச்சைமணிதேன் எங்க வீட்டுக்காரக. அப்பனுக்கு மேல ஒரு முழம். கல்யாணமான புதுசுல "என்னையப் பிடிச்சிருக்கா"ன்னு கேட்டேன். "பரவாயில்ல, பாக்கலாம்"னாக. அந்த வீட்டுல அதுவே உசந்த விலைங்கிறது எனக்குப் பெறகுதேன் வெளங்குச்சு.

இவுக தரகுக்குப் போகல. கொச்சிக்குப் போயி, கப்பலுக்கு அடியில இறங்கி வேலை பாக்குற கம்பெனியில கொஞ்ச வருசம் கெடந்தாக. திரும்பி தேவாரத்துக்கு வரும்போது முதுகுல மாட்டுற காத்து சிலிண்டரு மூணு, அதுல காத்தடைக்கிற கம்ப்ரசரு ஒண்ணு, வாயில பாதி மலையாளம், இத்தனையும் கூட வந்துச்சு. நம்ம பக்கம் திராட்சைத் தோட்டத்துக் கெணறெல்லாம் பாதாளம். மோட்டாரு அந்து உள்ள விழுந்துட்டா, தண்ணியை எறைச்சு எடுக்கலாம்னா ஊத்து விடாது. அதனால இவுக பொழப்பு நல்லாத்தேன் ஓடுச்சு. இறங்குவாக, மோட்டாருல கயித்தக் கட்டுவாக, மேல இருக்கிறவுக இழுத்துக்கிருவாக.

கூட இறங்க ஒரு ஆளு வேணும்ல? ஊருல மீசை வச்சவன் ஒருத்தன் வரல. கெணத்துக்குள்ள முனி இருக்காம். நான்தேன் இறங்குனேன். நான் வைகை அணையில பொறந்தவ. எங்கப்பா பரிசல்ல மீன் பிடிச்ச மனுசன். நடக்கிறதுக்கு முந்தி நீஞ்சுனேன்னு எங்கம்மா சொல்லும், அது பொய்யின்னாலும் ரொம்பப் பெரிய பொய்யில்ல. முனியும் என்னையப் பாத்து ஒதுங்கித்தேன் போச்சு போல, இதுவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல.

கெணத்துக்கு அடியில போயி காலை வச்சமோ இல்லியோ, சேறு கெளம்பிரும். அப்பறம் கண்ணைத் தொறந்தாலும் ஒண்ணு, மூடுனாலும் ஒண்ணு. சிலிண்டருல எம்புட்டுக் காத்து இருக்குன்னு காட்டுறதுக்கு ஒரு மீட்டரு உண்டு. அதை மூக்கோட ஒட்டி வச்சு டார்ச்ச அடிச்சா முள்ளு தெரியும். ஆனா எதிர்த்தாப்புல இருக்கிற ஆளுட்ட அதை எப்படிச் சொல்றது? கடல்ல தெளிஞ்ச தண்ணியில கையைக் காட்டிச் சொல்லிக்கிருவாகளாம். இங்கன கை எங்க இருக்குன்னே தெரியாது.

அதுக்கு எங்க வீட்டு வித்தை ஒண்ணு இருந்துச்சு. சந்தையில தரகருக வெலையை வாயால பேச மாட்டாக. ரெண்டு பேரு கை மேலயும் ஒரு துண்டைப் போட்டு, அதுக்குள்ள விரலைப் பிடிச்சுப் பேசுவாக. ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, நாலைப் பிடிச்சா நாலு, கையோட பிடிச்சா அஞ்சு. விரல்ல பாதியைத் தொட்டா அரை. ஒரு விரலுன்னா ஆட்டுக்கு நூறு, மாட்டுக்கு ஆயிரம். எதுன்னு எவனும் கேக்க மாட்டான். கண்ணு முன்னால நிக்கிறது ஆடா மாடான்னு குருடனுக்கும் தெரியுமே. வெலை படிஞ்சா கையை இறுக்கி ஒரு குலுக்கு. படியலைன்னா கோவமா வெடுக்குன்னு கையை உருவிக்கிட்டுப் போயிருவாக.

இதையே நாங்க தண்ணிக்குள்ள கொண்டு போனோம். உள்ளங்கையில ரெண்டு தட்டு தட்டுனா "எம்புட்டு இருக்கு"ன்னு கேள்வி. ஒரு விரலுக்கு மீட்டருல இருவது. முழுசா இருந்தா முழுக்கையை ரெண்டு தரம் பிடிக்கணும். துண்டு மட்டுந்தேன் இல்ல, அதுக்குப் பதிலா சேறு இருந்துச்சு. ரெண்டு வருசமா ஒரு சிக்கலும் வரல.

இந்தச் சமயத்துலதேன், ரெண்டாயிரத்து ஆறுல, வைகை அணையில இருந்து ஒரு இன்ஜினியரு ஐயா போன் போட்டாரு. மதகுக்கு முன்னால இருக்கிற கம்பி வலையில மரமும் குப்பையும் அடைச்சிருக்காம். இறங்கி அறுத்து எடுக்கணும். எனக்குத் தலைகால் புரியல. சின்னப் புள்ளையில இருந்து அந்த மதகு மேலதேன் எனக்கு ஆசை. "அங்கிட்டுப் போகாத, இழுத்துரும்"னு சொல்லிச் சொல்லியே வளத்தாக. போகாதன்னா போகணும்னுதேனே தோணும்? அதை அடியில போயி என் கையால தொடணும். எனக்கு வேற பெரிய ஆசைன்னு எதுவும் இருந்ததில்ல.

இவுக என்ன சொன்னாக தெரியுமா? "நான் ஒருத்தன் இறங்குறேன். நீ மேல கயித்தைப் பிடிச்சுக்க."

கெணத்துக்குள்ள சேத்துல பொரள மட்டும் இந்தச் சங்கிலியம்மா வேணும், இன்ஜினியரு முன்னால மட்டும் நான் கயிறு பிடிக்கிற ஆளா? விசாரிச்சுப் பாத்தா, டீக்கடையில எவனோ எங்க மாமாவைச் சீண்டியிருக்கான். "என்ன தரகரே, மருமகளை மதகுக்குள்ள தள்ளுறீகளாமே"ன்னு. மாமா நேரா வீட்டுக்கு வந்து, "பொம்பளை கரையில நிக்கட்டும்டா, அதுதேன் மருவாதி"ன்னு மகன் காதுல ஓதிட்டாக.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்"னு நான் சட்டிப் பானைக்குக் கேக்குற மாதிரி சொன்னேன். மாமாவுக்கும் கேட்டுச்சு.

மூணு நாளா அந்த வீட்டுல குழம்புல உப்பு இல்ல. கடைசியில இவுகதேன் எறங்கி வந்தாக. "சரி, ஒரு பந்தயம் வச்சுக்குவோம். கம்பத்துக்கு மேக்க வைகுண்டராஜ் தோட்டத்துல மோட்டாரு விழுந்து கெடக்கு. ரெண்டு பேரும் இறங்குவோம். காத்துப் பத்தலை, மேல போவோம்னு எவுக மொதல்ல கேக்குறாகளோ அவுக தோத்தாக. நீ தோத்தா கரையில கயிறு. நான் தோத்தா அணைக்கு ரெண்டு பேரும்."

"சரி"ன்னேன்.

அங்கனதேன் மனுசன் குசும்பைக் காட்டுனாக. அணை வேலைக்குன்னு ரெண்டு சிலிண்டரை ஒண்ணாச் சேத்துக் கட்டி, ரெண்டுல இருந்தும் ஒரே குழாயில காத்து வர்ற மாதிரி, மீட்டரும் ஒண்ணே இருக்கிற மாதிரி செஞ்சு வச்சிருந்தாக. கல்லு கனம் கனக்கும். அதைத் தூக்கி எம்முன்னால வச்சு, "இந்தா, நீ ரெட்டையை மாட்டிக்க. அணையில இதைத்தேன் மாட்டணும். இதைத் தூக்கி நடக்க முடியலைன்னா இப்பவே சொல்லிரு"ன்னாக. அவுகளுக்கு ஒத்தை சிலிண்டரு. நான் தூக்கையில இடுப்பு பிடிச்சுக்கிரும், உக்காந்துருவேன்னு கணக்கு.

தோட்டத்துக்காரரு வைகுண்டராஜும் மாமாவும் கெணத்தடித் தொட்டி மேல உக்காந்து வேடிக்கை பாக்க, நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படியில ஒவ்வொண்ணா இறங்குனேன். மாமா வெத்தலையை மென்னுக்கிட்டே, "மெதுவா தாயி, மெதுவா"ன்னாக. அக்கறையா எகத்தாளமான்னு அந்தக் குரல்ல கண்டுபிடிக்க முடியாது. கழுத்தளவு தண்ணிக்குள்ள போன ஒடனே கனமெல்லாம் பஞ்சாப் பறந்துருச்சு. தண்ணிக்குள்ள எதுக்குங்க எடை? கொச்சியில படிச்ச மனுசனுக்கு அது அந்நேரம் மறந்து போச்சு.

அடிக்குப் போனோம். மோட்டாரு ஒரு பாறை இடுக்குல தலைகீழாச் சொருகிக் கெடந்துச்சு. சேறு கெளம்புச்சு, கண்ணு போச்சு. இவுக கடப்பாறையைப் போட்டு நெம்ப, நான் பின்னால கையை விட்டுக் கயித்தச் சுத்த, வேலை லேசுல முடியல. இவுக கோவத்துல புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடுறது எனக்கே கேட்டுச்சு. கொமிழி கொதிக்கிற உலையாட்டம் மேல போச்சு. நான் பாட்டுக்கு நிதானமா மூச்சு விட்டுக்கிட்டு இருந்தேன்.

கொஞ்ச நேரத்துல எங்கையில ரெண்டு தட்டு. எம்புட்டு இருக்காம். மீட்டரைப் பாத்தேன். நூத்தி அறுவது. உள்ளதைச் சொன்னேன், எட்டு விரலு. அவுகளுக்கு எம்புட்டுன்னு திருப்பிக் கேட்டேன். ஆறுன்னாக.

பெறகு அவுகளே ஒத்துக்கிட்டாக, அப்ப அஞ்சுதேன் இருந்துச்சாம். ஒண்ணைக் கூட்டிச் சொல்லியிருக்காக. தரகரு மகன் மொத வெலையை உண்மையாச் சொல்லுவாகளா? அதே புத்திதேன் நான் சொன்னதுலயும் வேலை செஞ்சிருக்கு. இவ எட்டுன்னா ஆறு இருக்கும், இன்னும் செத்த நேரத்துல மேல போவோம்னு கெஞ்சுவான்னு ஒரு கணக்கு. நானும் யோக்கியமில்ல. அவுக ஆறுன்னா நாலரைன்னு எடுத்துக்கிட்டேன்.

மறுபடி கொஞ்ச நேரங்கழிச்சு நான் கேட்டேன். அஞ்சுன்னாக. கையை அழுத்தி, திடமாத்தேன் சொன்னாக. எனக்கு அப்ப ஏழு. உள்ளதைச் சொன்னேன். மனசுக்குள்ள, இவுக அஞ்சுன்னா மூணு இருக்கும்னு தள்ளிக்கிட்டேன். மூணு விரலுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்குன்னு நினைச்சேன். எனக்கு ஒரு விரலு எறங்குறதுக்கு அம்புட்டு நேரமாச்சே!

பேரம் பேசத் தெரிஞ்ச ரெண்டு பேருக்கும் ஒரு சின்ன விசயம் புத்தியில உறைக்கல. என் முதுகுல கெடக்கிறது ரெட்டை. அவுக முதுகுல ஒத்தை. எனக்கு ஒரு விரலுன்னா அவுகளுக்கு ரெண்டு விரலுக் காத்து. என் முள்ளு நகர்ற மாதிரியா அவுக முள்ளு நகரும்? நான் மாட்டுக்கு வெலை சொல்லிக்கிட்டு இருக்கேன், அவுக ஆட்டுக்குச் சொல்லிக்கிட்டு இருக்காக. சந்தையில ஆடும் மாடும் கண்ணு முன்னால நிக்கும். கெணத்துக்குள்ள சேறுல்ல நின்னுச்சு!

அவுகளுக்கு அந்நேரம் நெசமாவே ரெண்டுதேன் இருந்துச்சாம். அதுவும் எறங்கிக்கிட்டே இருந்துச்சு. மேல போவோம்னு கேட்டா பந்தயம் போச்சு. சொன்ன வெலையில இருந்து எறங்குறது அந்தப் பரம்பரையிலயே கெடையாது. இவ பொய்யிதேன் சொல்றா, இப்ப இல்லைன்னா இன்னும் ஒரு நிமிசத்துல கெஞ்சுவான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்காக.

நான் கயித்த இறுக்கி முடிச்சுப் போட்டுக்கிட்டு இருக்கேன். எங்கையைத் தேடி அவுக கை வந்துச்சு. ரெண்டு தட்டு. ஆறரைன்னேன். உள்ளதுதேன். நீங்க எம்புட்டுன்னு கேட்டேன்.

அவுக கை எங்கையில அப்படியே நின்னுச்சு. எந்த விரலையும் பிடிக்கல. அப்பறம் வெடுக்குன்னு உருவிக்கிட்டாக.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வாயில குழாயை வச்சுக்கிட்டுச் சிரிச்சா தண்ணி உள்ள வரும், இருந்தும் சிரிச்சேன். பேரம் படியலன்னு தரகரு கோவிச்சுக்கிட்டாரு டோய்! கோவிச்சா கோவிக்கட்டும், முடிச்சைப் போடுவோம்னு நான் பாட்டுக்கு வேலையைப் பாத்தேன்.

அப்பத்தேன் என்னமோ குறையுதுன்னு பட்டுச்சு. கொமிழி சத்தம். என்னோடது மட்டுந்தேன் கேக்குது. அந்த உலை கொதிக்கிற சத்தத்தைக் காணோம்.

துண்டுக்குள்ள ஒண்ணுக்கு விரலு இருக்கு, அரைக்கு விரலு இருக்கு. ஒண்ணுமில்லைங்கிறதுக்கு விரலு ஏது? எந்த மாட்டை எவன் சும்மா குடுத்தான், அதுக்குன்னு ஒரு சாடை வைக்க? மனுசன் பாவம், காத்து தீந்து போச்சுன்னு சொல்ல வழியில்லாமத்தேன் கையை உருவியிருக்காக. நான் அதைக் கோவம்னு நினைச்சுச் சிரிச்சிருக்கேன்.

கையை நாலாபக்கமும் வீசுனேன். அவுக முதுகுப் பட்டை அகப்பட்டுச்சு. அவுகளும் எங்கழுத்தைத் தடவி, எங்குழாயைத்தேன் தேடிக்கிட்டு இருந்திருக்காக. மாட்டியிருக்கிற வாய்க்குழாய் போக, அவசரத்துக்குன்னு இன்னொண்ணு எங்க ரெண்டு பேருக்குமே தொங்கும். அதை எடுத்து அவுக வாயில திணிச்சேன். ஒரு இழுப்பு இழுத்தாக பாருங்க, என் ரெட்டை சிலிண்டரே நெளிஞ்சிருக்கும். சட்டியில இருந்தாத்தேனே அகப்பையில வரும்? அவுக சட்டி காலி. எஞ்சட்டியில இன்னும் ரெண்டு பேருக்குப் பந்தி வைக்கலாம்.

நாலஞ்சு மூச்சு விடட்டும்னு விட்டேன். ஆளு நிதானத்துக்கு வந்துட்டாக. எனக்கும் பயம் அடங்குச்சு. அடங்குன ஒடனே புத்தி பழையபடி வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சு. நான் என்ன செய்ய, வாக்கப்பட்ட வீடு அப்படி.

அவுக கையைப் பிடிச்சு எடுத்தேன். ரெண்டு விரலைச் சேத்துப் பிடிச்சேன். அணைக்கு ரெண்டு பேரு.

செத்துப் பொழைச்ச மனுசன், எங்காத்தைக் குடிச்சுக்கிட்டு என்ன செஞ்சாக தெரியுமா? என் விரல்ல ஒண்ணைப் பிடிச்சாக. ஒண்ணாம்! அந்த நெலமையிலயும் பேரம்!

அவுக வாயில இருந்த குழாயை லேசா ஒரு இழு இழுத்தேன். பிடுங்கல. இழுக்க மட்டுந்தேன் செஞ்சேன்.

ரெண்டு விரலு அம்புட்டு வேகமா வந்துச்சு. கூடவே கையை இறுக்கி ஒரு குலுக்கு. அவுகளாக் குலுக்குனாக. பேரம் படிஞ்சுச்சு. அப்படியே ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, மெது மெதுவா மேல வந்தோம்.

தண்ணிக்கு மேல தலை வந்த ஒடனே காத்தும் வந்துருச்சு, திமிரும் வந்துருச்சு. படியில உக்காந்து முகத்தைத் தொடைச்சுக்கிட்டே இவுக மாமாவைப் பாத்துச் சொல்றாக, "ரெண்டு பேரும் சேந்துதேன் வந்தோம்பா. யாரும் கேக்கல. பந்தயம் சமம்." குப்புற விழுந்தாலும் மீசையில மண்ணு ஒட்டலையாம்.

"கீழ கை குலுக்குனது?"ன்னேன்.

"அதெப்படிச் செல்லும்? மேல துண்டு இல்லியே."

மாமா எந்திரிச்சு வந்தாக. மகன் முதுகுல கெடந்த மீட்டரை எடுத்து வெளிச்சத்துல பாத்தாக. முள்ளு அடியில படுத்துக் கெடந்துச்சு. எம்மீட்டரைப் பாத்தாக. அஞ்சு விரலுக்கு மேல நின்னுச்சு. அவுகளுக்கு மீட்டரு பாக்கத் தெரியாது, ஆனா செத்த மாடு எது, உசுரோட இருக்கிற மாடு எதுன்னு தெரியும்ல.

"ஏலே, என்னடா இது?"

இவுக மீட்டரை இழுத்து முதுகுப் பக்கம் தள்ளுனாக. மறுபடி என்னையப் பாத்து, "சரி, ஒன்றரை வச்சுக்குவோம். நீ மதகுல பாதி ஆழம் வரைக்கும் வா"ன்னாக.

அம்புட்டுத்தேன், எனக்குப் பொறுக்கல. சிரிப்பும் போச்சு, வெளையாட்டும் போச்சு. "ஏங்க, கயித்தைப் பிடி, கயித்தைப் பிடின்னீகளே. இன்னைக்கு நான் நீங்க சொன்னபடி மேல உக்காந்து கயித்தைப் பிடிச்சிருந்தேன்னா, இந்நேரம் அதுல மோட்டாரா வந்திருக்கும்? உங்களையில்ல கட்டி இழுத்திருப்பேன்!"ன்னு கத்துனேன். கத்தையிலயே எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. கொமிழி சத்தம் நின்ன அந்த நேரம் நெஞ்சுக்குள்ளயே நின்னுச்சு. அந்த மனுசனை எனக்கு எம்புட்டுப் பிடிக்கும்னு அவுகளுக்கும் தெரியாது, அந்தக் கணம் வரைக்கும் எனக்கும் தெரியாது.

வைகுண்டராஜ் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. மாமா வாயில மெல்லுற வெத்தலை நின்னு போச்சு.

இவுக எந்திரிச்சாக. ஈரத்தோட நேரா தோட்டத்து மோட்டாரு ரூமுக்குப் போயி, கழட்டி வச்சிருந்த சட்டையில இருந்து செல்போனை எடுத்தாக. இன்ஜினியரு ஐயாவுக்குத்தேன் போன். எங்களுக்கும் கேக்கட்டும்னு வாசல்லயே நின்னு பேசுனாக.

"ஐயா, பிச்சைமணி பேசுறேன். நான் ஒருத்தன் இறங்க மாட்டேங்கய்யா. ரெண்டு பேரு இறங்குறோம். கூட வர்றது எஞ்சம்சாரம். ஆமாங்கய்யா, பொம்பளைதேன். இல்லைங்கய்யா, அவ இல்லைன்னா நானும் இல்ல." போனை மறு காதுக்கு மாத்திக்கிட்டு, "இது கடைசி வெலைங்கய்யா"ன்னாக.

பேரம் பேசாம அந்த வாயில இருந்து வந்த மொத வெலை அதுதேன். நான் முந்தானையால மூக்கைச் சிந்திக்கிட்டேன்.

அந்தப் பக்கம் இன்ஜினியரு என்னமோ கேட்டாரு. இவுக போனைக் கையால பொத்திக்கிட்டு எங்களைத் திரும்பிப் பாத்தாக. "ரெண்டு பேரும் இறங்கிட்டா கரையில கயிறு பிடிக்க யாருன்னு கேக்குறாரு."

நான் மாமாவைப் பாத்தேன். இவுகளும் மாமாவைப் பாத்தாக. வைகுண்டராஜும் திரும்பி மாமாவைப் பாத்தாரு.

"நானா?"ன்னாக மாமா. "ஏலே, டீக்கடையில என்னையக் கிழிச்சிருவாய்ங்கடா!"

"கரையில நிக்கிறதுதேனே மாமா மருவாதி?"ன்னேன் நான்.

மாமா தலையில கெடந்த துண்டை அவுத்து இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு, "கயிறு வழுக்குமா தாயி, கையில என்னமும் தடவிக்கிறணுமா?"ன்னு எங்கிட்டத்தேன் கேட்டாக.